உன் அம்மாவின் தலையில் புது ரத்தம் இல்லை

மகனே,

நீ கொடுத்தனுப்பிய கம்பளிப் போர்வையை உன் மணப்பாறைச் சிநேகிதன் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனான். நல்ல பையன். எனக்குக் காது மந்தம் என்று நீ சொல்லியிருப்பாய் போலிருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்து, வாயை நன்றாகத் திறந்து, நிதானமாகப் பேசினான். சண்டை நின்றுவிட்டது, உன் தோள் காயம் ஆறிவிட்டது, நன்றாகச் சாப்பிடுகிறாய் என்றெல்லாம் சொன்னான். காபி குடித்தான். வாசலில் செருப்பைப் போட்டவன், என்ன நினைத்தானோ, மறுபடி கழற்றிவிட்டு உள்ளே வந்தான்.

"ஐயா, ஒண்ணு சொல்லணும். தப்பா எடுத்துக்காதீங்க. கண்ணிவெடி எடுக்க யார் போறீங்கன்னு கேட்டா உங்க பையன்தான் முதல்ல கை தூக்குறான். எதிரி பக்கம் ஊர்ந்து போய்ப் பாத்துட்டு வரணும்னாலும் அவன்தான். எல்லாரும் தைரியசாலின்னு சொல்றாங்க. எனக்கு அப்படித் தெரியலீங்க."

"வேற எப்படித் தெரியுது?" என்று கேட்டேன்.

அவன் தரையைப் பார்த்தபடி சொன்னான். என் காதில் விழவில்லை. திரும்பச் சொல்லச் சொன்னேன். பாவம், அதை அவன் உரக்கச் சொல்ல வேண்டியதாகிவிட்டது. "காய்ச்சல்ல கிடந்தப்ப உளறினான். எங்கம்மாவ நான்தான் கொன்னேன், நான்தான் கொன்னேன்னு. காய்ச்சல் விட்டப்புறம் என்னடா இதுன்னு கேட்டேன். ஆமா, நெஜந்தான்னு சொல்லிட்டுத் திரும்பிப் படுத்துட்டான்."

அவன் போய் இரண்டு வாரமாகிறது. அந்தப் போர்வையை இன்னும் நான் விரிக்கவில்லை. இந்தக் கடிதத்தை எத்தனையோ முறை மனதுக்குள் ஆரம்பித்துவிட்டேன். நீ பயிற்சிக்குப் போன புதிதில், உன் பேச்சால் அம்மாவுக்கு எதுவும் ஆகவில்லை என்று எழுதியிருந்தேன். அதற்கு நீ பதிலே எழுதவில்லை. சமையல் எப்படி, மழை உண்டா என்று கேட்டிருந்தாய். அப்பா நம்மைத் தேற்றுவதற்காக எழுதுகிறார் என்று நினைத்திருப்பாய். உன் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன். எனக்கு அது எப்படித் தெரியும் என்பதை அப்போது நான் எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன். படிக்கக் கஷ்டமாக இருக்கும். உட்கார்ந்து, பக்கத்தில் யாரும் இல்லாதபோது படி.

உன் அம்மாவுக்கு நாலைந்து வருஷமாகவே தலைவலி இருந்தது உனக்குத் தெரியும். சுக்கை உரைத்து நெற்றியில் பற்றுப் போட்டுக்கொண்டு, தலையில் இறுக்க ஒரு துணியைக் கட்டிக்கொண்டு சமைப்பாள். பிரஷர் இருக்கிறது, உப்பைக் குறைக்க வேண்டும் என்று ரயில்வே டாக்டர் சொன்னதிலிருந்து நம் இருவருக்கும் தனியாகக் குழம்பு, அவளுக்குத் தனியாக உப்பில்லாத குழம்பு என்று வைத்தாள். பிறகு அவள் நம் குழம்பையே ஊற்றிக்கொண்டதையும் நான் பார்த்திருக்கிறேன். "உப்பில்லாம ஒரு வாய் எறங்கல, நீங்க சாப்பிட்டுப் பாருங்க" என்பாள். அது ஒரு பெரிய வியாதி என்று அவளுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. மாத்திரை கொடுத்தார்கள். தீர்ந்தால் வாங்குவோம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை அவள் ஆட்டுக்கல்லில் மாவு ஆட்டிக்கொண்டிருந்தாள். நான் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். கல் சுற்றும் சத்தம் எனக்குக் கேட்காது, ஆனால் தரை அதிர்வது காலில் தெரியும். அது நின்றுவிட்டது. உள்ளே போய்ப் பார்த்தால் குழவிமேல் சாய்ந்திருக்கிறாள். இடது கை மாவுக்குள் கிடக்கிறது. "கையை எடுக்க வரல" என்றாள், வாய் கோணி. நீ வடக்கு வாசலுக்கு ஓடி ஜட்கா பிடித்துவந்தாய். வண்டி காவிரிப் பாலத்தில் ஏறும்போது வாந்தி எடுத்தாள். அவள் தலையை உன் மடியில் வைத்திருந்தாய். மாவு காய்ந்த அந்தக் கையை வழியெல்லாம் தேய்த்துவிட்டுக்கொண்டே வந்தாய். அதை நான் மறக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் முதுகுத் தண்டில் ஊசி போட்டு நீர் எடுத்தார்கள். தெளிவாக வர வேண்டிய நீர் சிவப்பாக வந்தது. மூளைக்குள் ஒரு ரத்தக்குழாய் வெடித்திருக்கிறது என்று டாக்டரம்மா சொன்னார். சின்ன வயதுக்காரர், கழுத்தில் சிலுவைச் சங்கிலி போட்டிருப்பாரே, அவர்தான். முதலில் என்னிடம் பெரிதாக நம்பிக்கை கொடுக்கவில்லை. ஆனால் உன் அம்மா இரண்டு நாள் மயக்கத்துக்குப் பிறகு கண் திறந்தாள். மூன்றாம் நாள் காபி கேட்டாள். இடது கால் விரல் கொஞ்சம் அசைந்தது. பேச்சு குழறினாலும் புரிந்தது. டாக்டரம்மாவே, "பேசலாம், ஆனா களைப்பாக்காதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்கு மறுநாள்தான் நீ அவளிடம் சொன்னாய்.

நீ வேறு என்ன செய்திருக்க முடியும்? சீனச் சண்டைக்குப் பிறகு ஊரில் பாதிப் பிள்ளைகள் பட்டாளத்துக்கு வரிசையில் நின்றார்கள், நீயும் நின்றாய். உத்தரவு வந்துவிட்டது. அந்த வாரக் கடைசியில் நீ வெலிங்டன் போய்ச் சேர வேண்டும். சொல்லாமல் போவது முறையில்லை என்று நினைத்தாய். முறையில்லைதான். கட்டில் பக்கத்தில் குனிந்து, "அம்மா, நான் மிலிட்டரில சேந்துட்டேம்மா" என்றாய். கால்மாட்டில் நான் நின்றிருந்தேன். அவள் உன்னைப் பார்த்தாள். "எங்க?" என்றாள். "ஊட்டிப் பக்கம். அங்கதான் முதல்ல ட்ரெய்னிங்." "அங்க குளிருமே" என்று சொல்லிவிட்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். உன் கண் கலங்கிவிட்டது. எழுந்து வெளியே போய்விட்டாய்.

நீ போன பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. அவள் திரும்பி என்னைக் கூப்பிட்டாள். நான் குனிந்து காதைக் கொடுத்தேன். "போகட்டும் விடுங்க. ஒர்க்‌ஷாப்ல சேந்தா உங்கள மாதிரி செவிடால்ல போவான்" என்றாள். ரயில்வேயில் என் பாய்லர் ஷாப்பில் உனக்கு அப்ரன்டிஸ் இடம் வாங்க நான் நடையாய் நடந்தது அவளுக்கு ஒருநாளும் பிடித்ததில்லை, அது உனக்குத் தெரியுமா? சம்மட்டிச் சத்தத்தில் என் காது போனதில் இருந்து, அவள் என்னிடம் ஒரு ரகசியமும் சொல்ல முடியாமல் போயிற்று என்று அடிக்கடி சொல்வாள். அன்றைக்கும் அதையே சொல்லி, கோணிய வாயால் சிரித்தாள். அதன் பிறகு கஞ்சி குடித்தாள். நெற்றியை அழுத்திவிடச் சொன்னாள்.

சாயங்காலம் தலை வெடிக்கிறது என்றாள். வாந்தி. விளக்கு ஏற்றும் நேரத்துக்கெல்லாம் கூப்பிட்டால் பதில் இல்லை. மறுநாள் ஒரு கண்ணின் பாவை விரிந்துபோயிற்று. மூச்சு இழுத்து இழுத்து விட்டது. உன் மாமா கடையை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தார். தன் அக்கா நேற்றுவரை பேசிக்கொண்டிருந்தாளே, என்ன நடந்தது என்று நர்ஸிடம் கேட்டார். பையன் ஏதோ சொன்னான், அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள், அப்புறம்தான் இப்படி என்று அவள் சொல்லிவிட்டாள். அவளுக்கு என்ன தெரியும். மாமா வராந்தாவில் உன் சட்டையைப் பிடித்து உலுக்கிக்கொண்டு கத்தியது எனக்கே கேட்டது. "பொழச்சு எந்திரிச்சவள பேசியே கொல்றியேடா! நீ பேசின பேச்சுதான்டா எங்கக்காவ முடிச்சிருச்சு!" நீ அவர் கையைத் தட்டிவிடக்கூட இல்லை. உன் முகத்தைப் பார்த்தேன். அவர் சொன்னதை நீ அப்படியே எடுத்துக்கொண்டுவிட்டாய் என்று அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

அவள் அதற்குப் பிறகு கண் திறக்கவில்லை. இரண்டு மூன்று நாள் அப்படியே கிடந்து, ஒரு மத்தியானம் மூச்சு நின்றது. நீ ஸ்ரீரங்கத்துக்கு ஆள்களுக்குச் சொல்லப் போனாய். மாமா வண்டி ஏற்பாடு செய்யப் போனார். நான் டாக்டரம்மாவின் அறைக்குப் போனேன்.

"அவன் சொன்னதாலதான் போனாளா?" என்று கேட்டேன். அவர் உடனே இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் நான் கும்பிட்டுவிட்டு வந்திருப்பேன், நம்பியிருக்கமாட்டேன். அவர் யோசித்துவிட்டு எழுதிக் காட்டினார், என் காதுக்காக. பிறகு எழுதுவதை விட்டுவிட்டுப் பக்கத்தில் வந்து சொன்னார். "ரெண்டு விதமா நடந்திருக்கலாங்க. மனசு பதறி, பிரஷர் ஏறி, அதே குழாய் மறுபடி கசிஞ்சிருக்கலாம். இல்லேன்னா முதல்ல சிந்தின ரத்தத்தைச் சுத்தி மூளை தானே வீங்கியிருக்கலாம். நாலஞ்சு நாள் கழிச்சு அப்படி வீங்கறதுண்டு. யாரும் ஒண்ணும் பேசாமலே வரும். வெளியில இருந்து பார்த்தா ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும்."

"எதுன்னு எப்படித் தெரியும்?"

"தலையத் திறந்து பார்த்தாத்தான் தெரியும்."

நான் சரி என்றேன். கையெழுத்துப் போட்டேன். உன்னைக் கேட்கவில்லை, மாமாவைக் கேட்கவில்லை. கேட்டால் நடக்காது. அவள் தலையில் கட்டியிருந்த துணியைப் பார்த்து நீ கேட்டபோது, நீ போன பிறகு மூச்சு திரும்புமா என்று ஒரு ஆபரேஷன் செய்து பார்த்தார்கள் என்றேன். அது ஆபரேஷன் இல்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும். மூளையை அன்றைக்கே அறுத்துப் பார்க்க முடியாதாம். பிஞ்சுத் தேங்காய் வழுக்கை மாதிரி இருக்குமாம், மருந்தில் வாரக்கணக்கில் ஊறி இறுக வேண்டுமாம். அதனால் அதை எடுத்து வைத்துக்கொண்டார்கள். நீ கொள்ளிடக் கரையில் கொள்ளி வைத்த உடம்பில் அது இல்லை. மொட்டை அடித்துக்கொண்டு, தோளில் குடத்தோடு நீ சுற்றி வந்தபோது எனக்கு மட்டும் அது தெரியும். நான் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஆள்கள் துக்கம் என்று நினைத்தார்கள்.

நீ தந்தி கொடுத்துத் தவணை வாங்கியிருந்தாய். காரியம் முடிந்த மறுநாளே ரயில் ஏறிவிட்டாய். அதற்கும் பல வாரம் கழித்துத்தான் டாக்டரம்மாவிடமிருந்து ஆள் வந்தது. தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் அவருக்குத் தெரிந்தவர்களிடம்தான் எடுத்து வைத்த மூளை இருந்தது, அவரும் அங்கே வந்திருப்பதாகச் சொல்லியனுப்பினார். ரயில்வே பாஸில் போனேன். போகும்போது ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து ஒரே ஒரு விஷயத்தைத்தான் யோசித்தேன். புது ரத்தம் இருந்தது என்று அவர்கள் சொல்லிவிட்டால் என்ன செய்வது? அதாவது, நீ பேசியதால்தான் என்று ஆகிவிட்டால்? திருவெறும்பூர் தாண்டுவதற்குள் முடிவு செய்துவிட்டேன். அப்படி ஆனால் உன்னிடம் சொல்லவே கூடாது. உன்னால் இல்லை என்று எழுதிவிட வேண்டும். சாகும்வரை அதையே சொல்ல வேண்டும்.

இப்போது நீ நினைப்பது எனக்குத் தெரியும். அதற்குப் பிறகு வருகிறேன்.

மேஜைமேல் ஒரு பீங்கான் தட்டில் அது துண்டு துண்டாக இருந்தது. சாம்பல் நிறம். உன் அம்மா என்று நினைக்க முடியவில்லை. நினைக்காமல் இருக்கவும் முடியவில்லை. வலது பக்கத்தில் எலுமிச்சம்பழ அளவுக்கு ஒரு கறுத்த கட்டி. டாக்டரம்மா மைக்ராஸ்கோப்பைச் சரிசெய்து என்னைப் பார்க்கச் சொன்னார். முதலில் என் கண்ணிமைதான் தெரிந்தது. பிறகு தெரிந்தது. வட்ட வட்டமாக, வீங்கிப்போன அணுக்கள், நெருக்கமாக. ஒவ்வொன்றின் வயிற்றிலும் நீலப் பொட்டுகள்.

"அந்த நீலம் இரும்புங்க. ரத்தத்துல இருக்கிற இரும்பு. கண்ணுக்குத் தெரியறதுக்காகச் சாயம் போட்டிருக்கோம்" என்றார். "நம்ம மூளைக்குள்ளேயே காவலுக்குன்னு சில அணுக்கள் இருக்கு. சாதாரணமா மெல்லிசா, கிளை விட்டுக்கிட்டு, சும்மா கிடக்கும். ரத்தம் குழாய்க்குள்ள ஓடுற வரைக்கும் உயிர். மூளைச் சதையில சிந்திட்டா அது விஷம். உடனே இதுங்க கிளையெல்லாம் சுருக்கிக்கிட்டு, உருண்டையாகி, சிந்தினதைத் தின்ன வருது. வெளி ரத்தத்துல இருந்தும் வெள்ளை அணுக்கள் உதவிக்கு வருது. தின்னு தின்னு இரும்பை வயித்துல வச்சுக்கும். நீங்க பார்க்கிறது அதைத்தான். இப்படி இரும்பு சேரவே சில நாள் ஆகும். அதாவது, இதுங்க முதல் நாள் சிந்தின ரத்தத்தைத் தின்னவங்க."

"நல்லதுதானே பண்ணுது?"

"நல்லதுக்குத்தான் வருதுங்க. ஆனா அந்த வேலை நடக்கிறப்ப சுத்துப்பக்கமெல்லாம் நீர் கோத்து வீங்குது. கை கால் வீங்கினா தோல் விரிஞ்சு கொடுக்கும். மண்டையோடு கொடுக்காது. வீக்கம் போறதுக்கு வழியில்லாம கீழ நசுக்குது. மூச்சு விடுற இடம் அங்கதான் இருக்கு." அவரே தொடர்ந்தார்: "அந்த வீக்கத்துல எவ்வளவு ரத்தத்தால, எவ்வளவு இந்தக் காவல் அணுக்களாலன்னு கேட்டா எனக்குத் தெரியாது. யாருக்கும் இன்னும் தெரியாது. தடுக்கிற மருந்தும் எங்ககிட்ட இல்ல."

நான் கேட்க வந்ததைக் கேட்டேன். அவர் எனக்காக மூளையின் வேறு வேறு இடங்களில் மெல்லிசாகச் சீவி எடுத்த சில்லுகளை மாற்றி மாற்றி மைக்ராஸ்கோப்பில் வைத்தார். கட்டியின் நடுவில், ஓரத்தில், கீழே. "புது ரத்தம்னா சிவப்பு அணுக்கள் முழுசா, தட்டையா, வட்டமா இருக்கும். அதைச் சுத்தி யாரும் வந்திருக்கமாட்டாங்க. தேடித் தேடிப் பார்த்துட்டோம். எங்கேயும் இல்லீங்க. மறுபடி கசியவே இல்ல. உங்க பையன் அன்னைக்கு வாயே திறக்காம உட்கார்ந்திருந்தாலும் சாயங்காலம் இதுதான் நடந்திருக்கும்."

மகனே, அந்த அறையில் நான் அழவில்லை. பசித்தது. அது வெட்கமாக இருந்தது. தட்டில் இருந்த மீதியைத் தரச் சொன்னேன். அவர் புரியாமல் பார்த்தார். "அவளை முழுசா அனுப்பணும்" என்றேன். ஒரு வாய் அகன்ற கண்ணாடி ஜாடியில் போட்டு, மூடியை மெழுகால் அடைத்து, துணி சுற்றிக் கொடுத்தார்கள். திரும்பி வரும் ரயிலில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். எதிரில் இருந்த ஒரு அம்மாள், "ஊறுகாயாங்க?" என்று கேட்டாள். ஆமாம் என்று தலையாட்டினேன். உன் அம்மா கேட்டிருந்தால் சிரித்திருப்பாள்.

மறுநாள் காலை வேலைக்குப் போகாமல் கொள்ளிடக் கரைக்குப் போனேன். அங்கே எரிக்கிறவரிடம் உள்ளதை உள்ளபடி சொன்னேன். நாலு விராட்டியும் கொஞ்சம் விறகும் அடுக்கிக் கொடுத்துவிட்டுத் தள்ளிப் போய் நின்றுகொண்டார். அதற்கு நான்தான் நெருப்பு வைத்தேன். நீ வைத்திருக்க வேண்டியது. ஆற்றில் அப்போது தண்ணீர் இல்லை. நடுமணலில் ஊற்றுப் பறித்து, அந்தத் தண்ணீரில் சாம்பலைக் கரைத்தேன்.

பிறகு உன் மாமாவின் கடைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தராசைக் கீழே வைத்தார். "அக்கா தலைய வெட்டச் சொன்னீங்களா அத்தான்?" என்றார். அன்றிலிருந்து அவர் நம் வீட்டுப் படி ஏறவில்லை. கோயில் வீதியில் எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறார். ஆனால் உன்னால்தான் என்று அவர் இப்போது யாரிடமும் சொல்வதில்லை என்று அவர் பெண்சாதி சொல்லக் கேட்டேன். உன்மேல் இருந்த கோபம் என்மேல் வந்துவிட்டது. எனக்கு அது போதும்.

இப்போது உன் சந்தேகத்துக்கு வருகிறேன். வேறுமாதிரி இருந்தாலும் பொய் சொல்வதென்றுதானே அப்பா முடிவு செய்திருந்தார், அப்படியானால் இதையும் எப்படி நம்புவது என்று நினைப்பாய். நியாயம்தான். ஆனால் யோசித்துப் பார். உன்னைத் தேற்ற மட்டும் வேண்டுமென்றால் இரண்டு வரி போதும், அதைத்தான் முன்பு எழுதினேன். நீ கொள்ளி வைத்த உடம்பு முழுசாக இல்லை என்று எந்தத் தகப்பன் தன் பிள்ளைக்குப் பொய்யாக எழுதுவான்? உன்னிடம் இதை மறைத்தே வைத்துக்கொண்டு செத்துப்போகலாம் என்றிருந்தேன். உன் சிநேகிதன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்ததால்தான் எழுதுகிறேன். அம்மாவை நினைத்து நீ சாவைத் தேடிப் போவதைவிட, என்னை வெறுத்துக்கொண்டு உயிரோடு இருப்பது மேல்.

இன்னும் இரண்டு விஷயம். உனக்கும் அடிக்கடி தலைவலி வருகிறது என்று அந்தப் பையன் சொன்னான். உன் அம்மாவின் ரத்தம் உனக்குள்ளும் ஓடுகிறது. அங்கே டாக்டரிடம் போய்ப் பிரஷர் பார்க்கச் சொல், மாத்திரை கொடுத்தால் தீருமுன்னே வாங்கு, உப்பைக் குறை. வீரனாக இருப்பதற்கும் தலைவலியை மறைப்பதற்கும் சம்பந்தம் இல்லை. இரண்டாவது, கண்ணிவெடி எடுக்க ஆள் கேட்டால் உன் முறை வரும்போது போ. உன் முறை இல்லாதபோது கையைக் கீழே வைத்துக்கொள்.

மூன்று வருஷமாக நீ லீவில் வரவில்லை. இதைப் படித்தால் உனக்கு என்மேல் கோபம் வரும். என்னைக் கேட்காமல் எப்படிச் செய்யலாம், எனக்குச் சொல்லாமல் எப்படி இரண்டாவது நெருப்பு வைக்கலாம் என்று கேட்கத் தோன்றும். அதைக் கடிதத்தில் எழுதாதே. நேரில் வந்து கேள். எனக்குக் காது கேட்காது, நீ கத்தித்தான் கேட்க வேண்டியிருக்கும். தெருவே கேட்கட்டும். கத்து.

உன் அப்பா